டப்பாவைத் திறந்தே ஆகணும்

எனக்குப் பயம் வந்துவிட்டது என்று என்னைப் பற்றி முதலில் சொன்னவர் கேப்டன்தான். கப்பல் ஓட்டிய கேப்டன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் துடுப்புப் படகுகூட நேராகப் போகாது. என் புருஷனின் அண்ணன். தண்ணீருக்கடியில் வேலை பார்க்கும் எங்கள் சின்னக் குழுவுக்குத் தலைவர். யாரோ விளையாட்டாகக் கேப்டன் என்றார்கள், அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இப்போது அவர் பெண்டாட்டியே அடுப்படியிலிருந்து "கேப்டன், சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.

குழுவில் நாங்கள் நாலே பேர். கேப்டன் கரையில் நின்று கயிற்றையும் நேரத்தையும் பார்ப்பார். தண்ணீரில் இறங்குவது என் புருஷன், நான், என் தம்பி. தம்பிக்கு வாத்து என்று பெயர். காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு நடந்து நடந்து, செருப்பு போட்டாலும் அதே நடைதான். தொப்பை வேறு. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனானவனை வாத்து என்று கூப்பிடலாமா என்று அவன் பெண்டாட்டி கோபிப்பாள்; அவனே திரும்பிப் பார்த்து "என்ன?" என்பான், அப்புறம் அவள் கோபம் எங்கே நிற்கும்.

அன்றைக்கு வேலை ஊருக்குக் குடிதண்ணீர் போகும் நீர்த்தேக்கத்தில். அதன் அடியில் ஒரு சுரங்கக் குழாய், ஆள் குனிந்து போகிற அகலம், நீளம்தான் எக்கச்சக்கம். அதன் கோடியில் இருக்கும் இரும்புக் கதவில் விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வரவேண்டும். அதற்காகக் காலையிலிருந்து மதியம் வரை ஊருக்குத் தண்ணீரை நிறுத்தி, பம்புகளை அணைத்து வைத்திருந்தார்கள். நீர்வாரிய என்ஜினியர் பம்பு அறை வாசலில் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். எந்தத் தெருவில் குழாய் வறண்டதோ அந்தத் தெருவெல்லாம் அவர் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது, பாவம்.

அந்தக் குழாய்க்குள் சாதா சிலிண்டர் எடுத்துப் போக முடியாது. சாதா சிலிண்டரில் நாம் விடுகிற மூச்சு குமிழியாக மேலே போகும். மேலே என்ன இருக்கிறது? எத்தனையோ வருஷத்துத் துரு. குமிழி பட்டதும் அது பொலபொலவென்று உதிர்ந்து, நம் கை நமக்கே தெரியாமல் போய்விடும். அதனால் குமிழி விடாத மெஷின். அதில் விட்ட மூச்சு வெளியே போகாது. வாயிலிருந்து குழாய் வழியாக ஒரு பைக்கு, பையிலிருந்து சுண்ணாம்பு மணிகள் நிரப்பிய டப்பாவுக்கு; அங்கே நாம் விட்ட கெட்ட காற்றைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் உறிஞ்சிய அளவுக்கு ஆக்சிஜனை மெஷின் சேர்த்துக் கொடுக்கும். இன்னொரு பை வழியாக அதே மூச்சு திரும்ப வாய்க்கு வரும். எல்லாம் சரியாக இருந்தால் சொர்க்கம், ஒரு சத்தம் இருக்காது. சுண்ணாம்பு சரியாக இல்லையென்றால், நாம் விட்ட விஷத்தையே நாம் மறுபடி குடித்துக்கொண்டிருப்போம். சாதாரணமாக மூச்சு முட்டினால் மேலே வந்துவிடலாம். குழாய்க்குள் மேலே என்று ஒன்று கிடையாது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைப் பூட்டித் தயார் செய்கிறவர் ஒருவர், அதை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர் இன்னொருவர். தன் மெஷினைத் தானே பூட்டினால் தன் தப்பு தனக்குத் தெரியாது என்பது கேப்டனின் சட்டம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். நானும் அதை நியாயம் என்றே நம்பியிருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னுடையதை என் புருஷன்தான் பூட்டுவார், அவருடையதை நான். மற்றப் பெண்களுக்குப் புருஷன் காலையில் காபி போட்டுக் கொடுப்பான். எனக்குச் சுண்ணாம்பு போட்டுக் கொடுப்பார் என்று நான் வெளியில் பீற்றிக்கொள்வதுகூட உண்டு.

பீற்றிக்கொள்ள வேண்டிய கைதான் அது. சுண்ணாம்பு நிரப்புவது கொட்டி மூடுகிற சமாசாரம் இல்லை. கொஞ்சம் கொட்ட வேண்டும், டப்பாவின் பக்கங்களைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், மணிகள் இறங்கி உட்கார வேண்டும், மறுபடி கொட்ட வேண்டும். மூடி அழுத்திய பிறகு குலுக்கினால் உள்ளே ஒரு மணி அசையக் கூடாது. எங்கேயாவது சந்து விட்டால் காற்று அந்தச் சந்து வழியாக நைசாகத் தப்பித்துப் போய்விடும், சுண்ணாம்பைத் தொடவே தொடாது. என் புருஷன் நிரப்பிய டப்பாவில் ஒரு நாளும் சந்து விட்டதில்லை. மற்றக் குழுக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

அன்றும் தகரக் கொட்டகைக்கடியில் நான் தண்ணீரில் இறங்கும் ரப்பர் உடையை ஏற்றி முடிப்பதற்குள் மெஷினைப் பூட்டி பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். சோதனைகளை நான் ஆரம்பித்தேன். அவை மாட்டிக்கொள்கிறவள் வேலை. குழாய்களின் வால்வு ஒரே திசையில் திறக்கிறதா என்று ஊதியும் உறிஞ்சியும் பார்த்தேன். பைகளில் காற்றை அடைத்து அடைப்பானை மூடிவிட்டுக் காத்திருந்தேன், பை தொய்யவில்லை. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து மூடினேன். குழாய்கள் ஒட்டிப்போய் அப்படியே நின்றன. ஆக காற்று வெளியே போகவில்லை, தண்ணீரும் உள்ளே வராது. ஆக்சிஜன் காட்டும் மூன்று மீட்டர்களும் ஒற்றுமையாக ஒரே எண்ணைக் காட்டின. எங்கள் வீட்டில் மூன்று பேர் அப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

கடைசிச் சோதனை, கரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் மெஷினில் மூச்சு விட்டுப் பார்ப்பது. மூக்கில் கிளிப்பு, வாயில் கடிப்பான், கண் மீட்டரில். சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். பல பேர் இதைத்தான் சுருக்கிவிடுவார்கள்.

முதல் இழுப்பிலேயே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தனை லேசு. இந்த மெஷினில் மூச்சு என்றால் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டும். இது வழுக்கிக்கொண்டு வந்தது. அட, நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் போனது. இழுத்த மூச்சு போதாத மாதிரி இருந்தது. இன்னொன்று இழுத்தேன், அதுவும் போதவில்லை. கண்ணுக்குப் பின்னால் லேசாக ஒரு வலி கிளம்பியது. முகம் சூடாயிற்று. எதிரே என் புருஷன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், எனக்கு அவர் மேல் காரணமே இல்லாமல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காரணமில்லாத ஆத்திரம் எனக்குப் புதுசு. என் ஆத்திரத்துக்கெல்லாம் ஒழுங்கான காரணம் இருக்கும்.

கடிப்பானைத் துப்பிவிட்டேன்.

"என்னாச்சு?" என்றார் கேப்டன்.

"சரியில்ல. தலை வலிக்குது, மூச்சு பத்தல. சுண்ணாம்பு வேலை செய்யல."

"சுண்ணாம்பு வேலை செய்யலயா?" கேப்டன் என் புருஷனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாரு போட்ட சுண்ணாம்புன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான்."

"காத்து அடைச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உறிஞ்சிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மீட்டர் மூணும்?"

"எல்லாம் சரியா இருக்கு கேப்டன். மீட்டர் ஆக்சிஜனைத்தானே பாக்குது? கெட்ட காத்தை இதுல யாரு பாக்குறா? அதுக்கு மீட்டர் கிடையாது, என் தலைதான் மீட்டர். அது வலிக்குது."

கேப்டன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் கைகளைப் பின்னால் கட்டினால் பெருந்தன்மையாக எதையோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம். "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா. குழாய் நீளம். இருட்டு. உனக்குப் பயம் வந்துருச்சு. பயம் வந்தா தலை வலிக்கும், மூச்சு வாங்கும். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"எனக்குப் பயமா? போன மாசம் துறைமுகத்துல அந்த நங்கூரச் சங்கிலிச் சிக்கலுக்குள்ள யாரு போனா, நீங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

"சரி, சண்டை வேண்டாம்," என்று என் புருஷன் நடுவில் வந்தார். குரல் அப்படியே பஞ்சு. அந்தப் பஞ்சில்தான் நான் பதினெட்டு வருஷமாக விழுந்து கிடக்கிறேன். "நீ கொஞ்சம் உக்காரு. தண்ணி குடி. நான் நல்லாத்தான் போட்டிருக்கேன். வேணும்னா இன்னொரு தடவை மூச்சு விட்டுப் பாரு."

"நான் பாத்தாச்சு. டப்பாவை வெளிய எடுத்துத் திறங்க."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டப்பாவைத் திறப்பது என்றால் சும்மா மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பது இல்லை. மெஷினைக் கழற்ற வேண்டும், போட்ட சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், காற்று அடைப்பதிலிருந்து எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குள் பம்புகளைப் போடும் நேரம் நெருங்கிவிடும். ஆனால் அவர்கள் அப்படிப் பார்த்தது அதனால் இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் பூட்டியதை இன்னொருவர் திறக்கச் சொன்னது கிடையாது. அதிலும் பெண்டாட்டி, புருஷன் பூட்டியதை, எல்லார் முன்னாலும்.

வாத்து குறுக்கே வந்தான். "விடுங்க கேப்டன், அக்கா இன்னைக்கு ஓய்வெடுக்கட்டும். நான் போயிட்டு வந்துர்றேன். மத்த மெஷினெல்லாம் பட்டறையில கிடக்கு, இதையே மாட்டிக்கிறேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே சைஸ் தலைதான், உள்ளதான் ஒண்ணுமில்ல."

"டேய், இதைத் தொடாதே."

"ஏன்க்கா, உக்காந்து மூச்சு விட்டுப் பாக்குறேன். பத்தலன்னா சொல்லப் போறேன். நல்லாயிருந்தா இறங்கப் போறேன். இதுல என்ன இருக்கு?"

அதற்குள் கேப்டன் "அதான் சரி" என்றுவிட்டார். வாத்து பெஞ்சில் உட்கார்ந்தான். மூக்கில் கிளிப்பைப் போட்டுக்கொண்டு கடிப்பானைக் கவ்வினான். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் தம்பியின் நெஞ்சைப் பார்த்தேன்.

முதலில் நிதானமாகத்தான் ஏறி இறங்கியது. பிறகு வேகம் கூடியது. தோள்கள் சேர்ந்து தூக்கிப் போட்டன. கழுத்தும் காதும் சிவந்தன. அவன் என்னவென்றால் கட்டை விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான், கண்ணால் சிரிக்கிறான்! நேரம் முடிந்ததும் கடிப்பானை எடுத்துவிட்டு, "அருமை. தூக்கமே வருது. எனக்கும் அக்காவுக்கும் ஒரே சைஸ் தலைதான், உள்ளதான் ஒண்ணுமில்ல" என்றான்.

அதே ஜோக்கை இப்போதுதானே சொன்னான்? சொன்னதையே சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. இவன் குழாய்க்குள் நடுவழியில் மயங்கினாலும் சிரித்துக்கொண்டேதான் மயங்குவான்.

"பாத்தியா?" என்றார் கேப்டன்.

"நீங்க பாத்தீங்களா? எப்படி மூச்சு வாங்குறான் பாருங்க. ஏதோ மாடி ஏறி வந்தவன் மாதிரி. சும்மா உக்காந்திருந்தவனுக்கு ஏன் இப்படி வாங்குது?"

"குண்டா இருக்கான், வாங்குது."

"நேத்தும் குண்டாத்தான் இருந்தான், நேத்து வாங்கலையே!"

"அக்கா, நான் நல்லாத்தான்க்கா இருக்கேன்."

"நீ வாயை மூடு."

பம்பு அறைப் பக்கமிருந்து என்ஜினியர் குரல் கொடுத்தார். "இறங்கியாச்சா? மேலதிகாரி கேக்குறாரு."

"இதோ சார், ரெண்டே நிமிஷம்," என்று கேப்டன் கத்திவிட்டு மெஷினைத் தூக்கக் கை நீட்டினார். நான் அவருக்கு முன்னால் போய்ப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மெஷினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அது பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். இருக்கட்டுமே.

"எந்திரி," என்றார் கேப்டன்.

"மாட்டேன்."

"நான் உன் குழுத் தலைவனா சொல்றேன்."

"நான் இவன் அக்காவா சொல்றேன். இதை மாட்டிக்கிட்டு என் தம்பி தண்ணியில இறங்க மாட்டான். நானும் இறங்க மாட்டேன். யாரும் இறங்க மாட்டாங்க. டப்பாவைத் திறந்தே ஆகணும்."

"மூணு சோதனை பாஸ். ஆள் ரெண்டு பேர் மூச்சு விட்டாச்சு, அதுல ஒருத்தன் நல்லாயிருக்குங்கிறான். இன்னும் என்னதான் வேணும் உனக்கு? உன் புருஷன் கையையே நம்ப மாட்டியா?"

இதுதான். காலையிலிருந்து எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்த இடம் இதுதான். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேண்டாம்மா. எல்லார் முன்னாடியும் வேண்டாம்" என்றார்.

எனக்கு மனசு இளகாமல் இல்லை. அந்த முகத்தை எந்தப் பெண்டாட்டியால் தாங்க முடியும்? எழுந்து போய்விடலாம், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பெஞ்சின் மறுகோடியில் என் தம்பி இன்னும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"நம்பலங்க," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "இன்னைக்கு உங்க கையை நான் நம்பல."

அவர் முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

கேப்டன் ஒரு அடி பின்னால் போனார். அவர் குரலில் பெருந்தன்மையெல்லாம் போய்விட்டது. "சரி. திற. ஆனா ஒண்ணு. உள்ள எல்லாம் ஒழுங்கா இருந்தா, இன்னையோட நீ தண்ணியில இறங்குறது முடிஞ்சுது. என் தம்பியை அவமானப்படுத்தினவளுக்கு என் குழுவுல இடம் கிடையாது. கரையில உக்காந்து கயிறு சுத்து. சம்மதமா?"

எனக்கு நாற்பத்தொரு வயசு. தண்ணீருக்கடியில் மட்டும்தான் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அங்கே நான் நானாக இருக்கிறேன். அதை எடுத்துக்கொள்வேன் என்கிறார் மனுஷர்.

"சம்மதம்," என்றேன்.

நானே கழற்றினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. குழாய்களை விடுவித்தேன், மேல் பூட்டைத் திருகி எடுத்தேன், டப்பா கையோடு வந்தது. திறப்பதற்கு முன்னால் அதைக் காதருகே வைத்து ஒரே ஒரு தடவை குலுக்கினேன்.

சலசலவென்றது. பாதி தீர்ந்த உப்பு டப்பாவைக் குலுக்கினால் வருமே, அதே சத்தம். கொட்டகைக்குள் நாலு பேருக்கும் நன்றாகக் கேட்டது.

மூடியைத் தூக்கினேன். மணிகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. இன்னொரு பக்கத்தில் டப்பாவின் சுவரை ஒட்டி விரல் போகிற அளவுக்கு மேலிருந்து கீழே வரை சந்து. நான் விட்ட மூச்சும் என் தம்பி விட்ட மூச்சும் இந்தச் சந்து வழியாகத்தான் போய் எங்கள் வாய்க்கே திரும்பி வந்திருக்கிறது. நான் டப்பாவைத் தூக்கி கேப்டனின் மூக்குக்கு நேராகக் காட்டினேன். "பாருங்க. என் பயத்தைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டன, அவற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வாத்து எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிவப்பு இறங்கிப் போனது. "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா," என்றான். "நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு. நான் போயிருப்பேன்க்கா." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் என் புருஷனிடம் திரும்பினேன். "எப்படிங்க? இருபது வருஷத்துக் கை. கண்ணை மூடிக்கிட்டு நிரப்புற ஆளு. எப்படி இது ஆச்சு?"

அவர் டப்பாவையே பார்த்தார். "தெரியாம ஆகல."

"என்னது?"

"போன வாட்டி வேலை முடிஞ்சு வந்து ராத்திரியெல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தியே. இழுத்து இழுத்து வலிக்குதுன்னியே. அதான்..." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் குறைச்சுப் போட்டு, ரொம்பத் தட்டாம விட்டேன். இறுக்கமா இல்லாம இருந்தா உனக்கு லேசா இருக்குமேன்னு. சந்து விடாதுன்னு நெனச்சேன். என் கைதானேன்னு நெனச்சேன். நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

அடப்பாவி மனுஷா!

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, அவரை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. யாரோ எதிரி செய்திருந்தால் எவ்வளவு சுலபம், வாய் வலிக்கும் வரை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். என்மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன், என் உயிரை எடுக்கப் பார்த்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

"எனக்கு வலிச்சா எனக்கு வலிக்கட்டும்," என்றேன். "அது என் நெஞ்சு. அது என் மூச்சு. அதை லேசாக்கிக் குடுங்கன்னு நான் உங்களைக் கேட்டேனா?"

"கேக்கல."

"வேற யாராவது பூட்டியிருந்தா நான் இன்னும் கவனமாப் பாத்திருப்பேன். நீங்க பூட்டினதுனால, தலை வலிக்கிற வரைக்கும் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேங்க. எனக்கு அதான் பயமா இருக்கு. குழாயில்ல, இருட்டில்ல. இது."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். கேப்டன் தொண்டையைக் கனைத்தார். மனுஷரால் சும்மா இருக்க முடியாது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. தம்பி, கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் புது சுண்ணாம்பை எடு. ஒழுங்கா இறுக்கி நிரப்பு. இறங்கிரலாம்."

என் புருஷன் சுண்ணாம்பு வாளியின் பக்கம் குனிந்தார். நான் வாளியின் மூடி மேல் காலை வைத்தேன்.

"என் டப்பாவை நான் நிரப்புறேன்."

"அது நம்ம வழக்கம் இல்லையேம்மா," என்றார் கேப்டன்.

"உங்க வழக்கம் இன்னையோட போச்சு கேப்டன். இனிமே என் டப்பாவை நான் நிரப்புவேன், என் மெஷினை நான் பூட்டுவேன். தப்பு இருக்கான்னு மத்தவங்க வந்து பாருங்க, எத்தனை பேர் வேணும்னாலும் பாருங்க, திறந்து காட்டுன்னு சொன்னா திறந்து காட்டுறேன். யாருக்கும் அதுல அவமானம் கிடையாது. ஆனா எனக்காக யாரும் எதையும் நிரப்ப வேண்டாம். அண்ணனும் வேண்டாம், தம்பியும் வேண்டாம், கட்டினவரும் வேண்டாம்."

"நேரம் பத்தாது."

"அப்ப இன்னைக்கு இறங்க வேண்டாம்."

பம்பு அறையிலிருந்து என்ஜினியர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் உயர்ந்திருந்தது. கேப்டன் என்னைப் பார்த்தார், என் காலடியில் இருந்த வாளியைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து வெறும் காற்றைப் புதுசாகக் கண்டவன் மாதிரி இழுத்து விட்டுக்கொண்டிருந்த வாத்தைப் பார்த்தார். பிறகு கொட்டகையை விட்டு வெளியே போய், "சார், தண்ணி வர இன்னும் நேரமாகும்னு ஊருக்குச் சொல்லிருங்க. என் டைவர் இன்னும் தயாராகல" என்றார்.

"என்ன சார் விளையாடுறீங்களா? மேல என்ன பதில் சொல்றது?"

"என் பேரைச் சொல்லுங்க. வையட்டும்."

அவரிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்கிற பழக்கம் அந்தப் பரம்பரையிலேயே கிடையாது. போகட்டும், இதுவாவது வந்ததே.

பழைய சுண்ணாம்பைக் கொட்டினேன். புதிதைக் கொஞ்சம் கொட்டித் தட்டினேன், கொட்டித் தட்டினேன். என் கை அவர் கை அளவுக்குச் சுத்தமில்லை, இரண்டு தடவை வழிந்து தரையெல்லாம் வெள்ளையாயிற்று. மூடியை அழுத்திப் பூட்டி வாத்தின் காதருகே வைத்துக் குலுக்கினேன். "ஒண்ணும் கேக்கலக்கா," என்றான். கேப்டனிடம் நீட்டினேன், அவரும் மரியாதையாக வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். கடைசியில் என் புருஷனிடம் நீட்டினேன். குலுக்கினார், சாய்த்தார், மறுபடி குலுக்கினார். தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

மெஷினைப் பூட்டினேன். காற்றடைத்துப் பார்த்தேன், உறிஞ்சிப் பார்த்தேன், மீட்டர்களைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து மூக்கில் கிளிப்பைப் போட்டுக்கொண்டு கடிப்பானைக் கவ்வினேன். என் புருஷன் எனக்கு எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கண்ணை என் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை, நான் தம்பியைப் பார்த்த மாதிரியே.

மூச்சு இறுக்கமாக வந்தது. ஒவ்வொன்றையும் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. விலா எலும்பு பழைய இடத்தில் வலித்தது. தலை வலிக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. காத்திருந்தேன், முழுசாகக் காத்திருந்தேன், அப்போதும் ஒன்றும் இல்லை.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

கடிப்பானை எடுத்தால் முதலிலிருந்து மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். அவர் கண்ணை நேராகப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நல்லது," என்றார். சொல்லும்போது அழுதுகொண்டுதான் இருந்தார், ஆனாலும் சொன்னார்.